தன் வரைபடத்துக்கே ஆட்சேபம் எழுதியவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே கண்டக்டர் சொன்னார்: "ஒங்க ஊரு பிளான் சார் போயிட்டாராம்லா. மத்தியானமே எடுத்துட்டாகளாம்." ராஜபாளையத்தில் இறங்கினேன். அவர் வீட்டுப் பக்கம் போகாமல் எங்கள் வீட்டுக்கே நடந்தேன். எங்கள் தெருவிலிருந்து யாருமே போகவில்லை.

பிளான் சார் என்று ஊரே கூப்பிட்ட சங்கரலிங்கம் சாரிடம் வீட்டுக்கு பிளான் போட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். காற்றுக்கு இடம் விட மறுப்பவர்களோடு சண்டையே போடுவார். "சுவத்த ஒட்டிச் சுவரு வச்சா மூச்சுக்கு எங்க போவீக? பக்கத்து வீட்ல இரவல் கேப்பீகளா?"

எண்பதுகளில் ஒரு பருத்திக் காட்டை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். அதுதான் எங்கள் தெரு. வரைந்தவர் சார். மலைத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுபோகும் ஓடை ஒன்று அந்தக் காட்டின் நடுவே இருந்தது. நிலத்துக்காரர் வற்புறுத்த, சார் அதை வரையாமல் விட்டார். ஓடை இருந்த இடத்தில் ஆறு வீடுகள் எழுந்தன. ஒன்று எங்களுடையது. அதன் பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும் பள்ளத்தில் இருந்த மில் தொழிலாளர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு மழையில் அங்கே சுவர் விழுந்து கைக்குழந்தை ஒன்று இறந்தது. அந்த வாரம் முழுக்க சார் வரைபலகையைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளில் ஊருக்கு மாஸ்டர் பிளான் என்கிற முழுமைத் திட்டம் தயாரித்து, ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரச் சொன்னார்கள். அந்த வரைபடத்திலும் ஓடை இல்லை. அந்த வாய்ப்பையும் விட்டால் இனி ஓடை கிடையாது. ஆட்சேப மனுவை உள்ளூரில் டைப் அடித்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று சார் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். அவர் நுழைந்த கடையில் மெஷின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

"நல்லாப் போச்சு! நீ அந்தத் தெருப் பிள்ளையில்லா? வேண்டாம்மா, நான் வேற கடை பாக்கேன்."

"குடுங்க சார்" என்று வாங்கிப் படித்தேன். ஓடையைத் திறந்தால் எங்கள் முன்சுவரும் அடுப்படியும் போய்விடும். மனு முழுக்கத் தன்னையே குற்றம் சொல்லியிருந்தார். "அளவெடுத்ததில் பிழைன்னு போடலாமே சார்?" என்று கேட்டேன்.

"அளவு சரிதாம்மா. நாந்தான் சரியில்ல."

அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

விசாரணைக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அப்பாவோடு நானும் போயிருந்தேன். மனுவை வாசித்ததும் எங்கள் கவுன்சிலர் கேட்டார்: "ஏன் மாமா, அன்னைக்குக் கண்ணு தெரியலையோ?" மண்டபமே சிரித்தது.

"தெரிஞ்சுது மாப்ளே. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சிரிப்பு அடங்கியது. அப்பா எழுந்தார். "எங்க வீட்ட இடிக்க இம்புட்டுச் சுத்தமா அடிச்சுக் குடுத்தது யாரு?"

பெண்கள் வரிசையின் கடைசியில் நான் இருந்தேன். சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மதுரையில அடிச்சேன்" என்றார்.

ஓடை வரைபடத்தில் ஏறியது. எங்கள் சுவரும் அடுப்படியும் போயின. அடுத்த ஐப்பசியில் பள்ளத்து வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை. எங்கள் தெரு அவரோடு பேச்சை நிறுத்தியது. பிளான் கேட்டு வருவோரும் குறைந்தார்கள். எதிரே வந்தால் நானும் தலையைக் குனிந்துகொள்வேன். அவரும், என்னைத் தெரியாதவர் போலவே கடந்து போவார். என்னைக் காப்பாற்றத்தான் என்று எனக்குத் தெரியும்.

ஊர் கூடிய இடத்தில் தன் தப்பை ஒத்துக்கொண்ட மனிதர், எனக்காக அதே இடத்தில் ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்க்குள் நான் இத்தனை நாள் பத்திரமாக இருந்துவிட்டேன். அவர் போன பிறகு அதற்குள் இருக்க முடியவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள விரும்புவது அன்று உண்மையைச் சொன்ன அந்தத் துணிச்சலைத்தான்.

அப்பா, அந்த மனுவை மதுரையில் யாரும் அடிக்கவில்லை. நான்தான் அடித்தேன்.