செவ்வாய்க்கிழமை பத்தேகால் வகுப்பு

எங்கள் ஊர் நகராட்சி நீச்சல்குளத்தில் செவ்வாய்க்கிழமை பத்தேகால் வகுப்பை மார்லீன் பத்தொன்பது வருஷம் நடத்தினாள். மூட்டுத் தேய்ந்த கிழவிகளுக்குத் தண்ணீருக்குள் உடற்பயிற்சி. அவளுக்கே அறுபத்தேழு வயது, இடுப்பு மூட்டு மாற்றியாகிவிட்டது. கரையில் நின்றுகொண்டு, "ரோனா, காலைத் தூக்கச் சொன்னேன், புருவத்தை இல்ல" என்று கத்துவாள். கிழவிகள் சிரித்துச் சிரித்துத் தண்ணீரைக் குடிப்பார்கள். முடிந்ததும் ஈரத்தலையோடு எல்லாரும் பேக்கரிக்குப் போய் வெனிலா ஸ்லைஸ் தின்பார்கள். புருஷன் செத்து, பிள்ளைகள் கடல் தாண்டி மெல்பர்னுக்குப் போன பிறகு, வாரத்தில் அவள் மனிதர்களோடு பேசிய நாள் அது ஒன்றுதான். மற்ற ஆறு நாளும் டிவியோடு.

நான் லோர்னா. அதே குளத்தில் வரவேற்பு மேசை. எந்த வகுப்பு எப்போது, யார் எதில் என்பதெல்லாம் கணினியில் என் பொறுப்பு. புது மேலாளர் புரோடி வந்ததும் ஒரு புக்கிங் மென்பொருளை வாங்கிப் போட்டான். வகுப்புக்குத் தொடர்ந்து மூன்று வாரம் ஆறு பேருக்குக் குறைவாக வந்தால் திரையில் அந்த வகுப்பின் கட்டம் சிவப்பாகிவிடும். சிவப்பானதை அவன் தயவுதாட்சண்யம் பார்க்காமல் தூக்கிவிடுவான். மார்லீனிடம் சரியாக ஆறு பேர் இருந்தார்கள்.

மார்ச் மாதம் அவர்களில் ஒருத்தி, யூனா, ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்ததும் மார்லீன் என் மேசைக்கு வந்து குனிந்தாள்.

"யூனா பேரை எடுத்துடாதடி."

"செத்தவளை எப்படி வச்சிருக்கிறது?"

"புதுசா ஒருத்தி சேர்ற வரைக்கும்தான். வருகையில டிக் நான் போட்டுக்கிறேன். நீ பாக்காத மாதிரி இரு, போதும்."

இருந்தேன். வாராவாரம் யூனாவின் பெயருக்கு நேரே மார்லீன் டிக் போட்டாள். புதிதாக ஒருத்தியும் சேரவில்லை.

பத்தாவது டிக் விழுந்த அன்று மென்பொருள் தன் புத்தியைக் காட்டியது. தொடர்ந்து பத்து வகுப்பு வந்தவர்களுக்கு அது தானாகவே வாழ்த்து அனுப்பும். அந்த வசதியைத் திறந்துவிட்டவளே நான்தான், பாழாய்ப்போன என் மண்டையில் அது நிற்கவில்லை. யூனாவிடம் கைபேசி கிடையாது. சேரும்போது மகள் ஜனீனின் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

ஜனீன் லான்செஸ்டன் நகரத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கைபேசியை என் முன்னால் வைத்தாள். 'சபாஷ் யூனா! பத்து வகுப்பில் ஒன்றுகூடத் தவறவில்லை. அடுத்த செவ்வாய் பார்ப்போம்.'

"அம்மா எந்தப் பக்கமா நிக்கிறாங்க?" என்று கேட்டாள். "பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

புரோடி ஓடிவந்து அவளை உள்ளே அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்டு அனுப்பினான். பிறகு மார்லீனைக் கூப்பிட்டான். கதவைச் சாத்தக்கூட இல்லை.

"செத்தவங்களை வச்சு வகுப்பு நடத்துறீங்களா, மார்லீன்? மத்த அஞ்சு பேருக்காவது உயிர் இருக்கா, இல்ல நான் போய்க் கிள்ளிப் பாக்கணுமா?"

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டான். யாருக்கும் தெரியாது என்றாள் மார்லீன். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து, பேனாவைத் தேடுகிற மாதிரி இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

வகுப்பை அழிப்பது என் வேலை. அழிக்கும்போது மென்பொருள் காரணம் கேட்கும். நாமாக எழுத முடியாது, அதில் இருக்கும் மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும்: ஆள் போதவில்லை, பராமரிப்பு வேலை, பயிற்சியாளர் விலகினார். நான் முதலாவதைத் தொடப் போனேன்.

"அது வேணாம்" என்றான் பின்னால் நின்ற புரோடி. "எப்போலேருந்து ஆள் போதலன்னு நகராட்சியில நோண்டுவாங்க, செத்தவங்களுக்கு டிக் போட்டதெல்லாம் வெளிய வரும். மூணாவதைப் போடுங்க."

போட்டேன். எனக்கு ஐம்பத்தொன்பது வயது, இந்த ஊரில் வேறு வேலை கிடைக்காது. கோழைக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று கிடைக்கத்தானே செய்கிறது. ஐந்து கிழவிகளுக்கும் ஒரே நொடியில் செய்தி போயிற்று: உங்கள் பயிற்சியாளர் விலகிக்கொண்டதால் இந்த வகுப்பு நிறுத்தப்படுகிறது.

அடுத்த செவ்வாய், வகுப்பு இல்லாவிட்டாலும் மார்லீன் பேக்கரிக்குப் போயிருக்கிறாள். ஐவரும் இருந்திருக்கிறார்கள். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட ஆளில்லை.

"பத்தொம்போது வருஷம்" என்றாளாம் ரோனா, தட்டிலிருந்து தலை நிமிராமல். "போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. கம்ப்யூட்டர் வந்து சொல்லுது."

நான் விலகவில்லை என்று மார்லீன் சொன்னால், பிறகு ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பார்கள். யூனாவின் குழியருகே அழுது சரிந்த ரோனாவைத் தாங்கிப் பிடித்தவளே மார்லீன்தான். அந்த யூனாவைப் பத்து வாரம் உயிரோடு இருப்பதாகக் காட்டினேன் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வாள்? ஒன்றும் சொல்லாமல் திரும்பி நேரே குளத்துக்கு வந்தாள்.

"நான் விலகினேன்னு யாருடி போட்டது?"

"அது தானாப் போற மெசேஜ், மார்லீன். நம்ம கையில ஒண்ணும் இல்ல."

நம்பிவிட்டாள். மேசைமேல் இருந்த என் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"யூனா விஷயத்துல உன் பேரு எங்கயும் வரலியே?"

"வரல."

"நல்லவேளை" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.