தெரேசம்மாவின் பொதி

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேலில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கரிடம் போய் மரியதாசன் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். குளிசை அண்ணை வீடு என்று கேளுங்கள், பஸ் இலக்கத்தோடு கதவின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுவார்கள். மாத்திரைக்கு மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்தில் குளிசை என்று பெயர். அந்தப் பெயர் இந்த மனிதர்மேல் ஏறிப் பதினொரு வருடமாகிறது. அவர் டாக்டரும் இல்லை, மருந்துக்கடைக்காரரும் இல்லை. ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி அடுக்குகிறவர். வயது ஐம்பத்தெட்டு, இடுப்பு வலிக்கு மட்டும் எந்தக் குளிசையும் போடமாட்டார்.

இது தொடங்கியது அவருடைய மாமியாரால். மனைவி கத்தரினின் தாய் விசாவில் பார்க்க வந்தவர், கொண்டுவந்த பிறசர்க் குளிசை முடிந்துபோனது. இங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்கு மருந்துக்குக் காப்புறுதி உண்டு. விசாவில் வந்தவர்களுக்கும், பேப்பர் வரும் என்று காத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அது இல்லை. மரியதாசன் மருந்துக்கடையில் விலையைக் கேட்டுவிட்டு, "பேந்து வாறன்" என்று சொல்லி வெளியே வந்தார். இங்கே ஒரு மாதத்துக்குக் கேட்கிற காசில் சென்னையில் ஒரு வருட மருந்து வாங்கலாம். சென்னையில் மருந்துக்கடை வைத்திருக்கும் இரவிச்சந்திரனை ஒரு உறவினர் அறிமுகப்படுத்திவிட்டார். பழைய குளிசை அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், அவர் கட்டிவைப்பார். வேளாங்கண்ணிக்குப் போய்வருகிற யாராவது பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒருவருக்குச் செய்தது நாலு பேருக்குத் தெரிந்து, நாலு பேர் நாற்பது பேரானார்கள். இதில் மரியதாசன் ஒரு சதமும் எடுத்ததில்லை. அதைச் சொல்லிக் கத்தரின் அவரைக் குத்திக் காட்டாத வாரமும் இல்லை.

நம் ஆட்களைத் தெரியாதா? ஒருவருக்குச் சீனி வருத்தம் என்றால் மூன்றாம் நாள் அது ரொறன்ரோவில் இருக்கிற மைத்துனிக்குத் தெரியும். நாலாம் நாள், அவருக்குக் கால் வெட்டியாயிற்று என்று திரும்பி வரும். அதனால் பொதிகளில் பெயர் எழுதக்கூடாது என்று மரியதாசன் ஆரம்பத்திலேயே முடிவெடுத்தார். ஆளுக்கொரு புனிதர். ஒருவர் அந்தோனியார், ஒருவர் சூசையப்பர், ஒருவர் செபஸ்தியார். ஞாயிறு பூசை முடிந்து, கோயிலின் கீழ் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, அவரவர் வந்து தம்முடைய புனிதரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பங்குச் சுவாமிக்கு இது தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். "ஆருக்கு எண்டு கேக்கமாட்டன். என்னத்துக்கு எண்டும் கேக்கமாட்டன்." இதைச் சொல்லும்போது அவருடைய தோள் கொஞ்சம் நிமிரும். வாழ்க்கையில் அவருக்கு வேறு பெருமை இருந்ததில்லை. மன்னாரில் படிப்பு பாதியில் நின்றது, இங்கே பிரெஞ்சு பாதியில் நின்றது. ஆனால் நாற்பது வீட்டு இரகசியம் அவரிடம் பத்திரமாக இருந்தது.

பொதி சிறிதாக இருக்கவேண்டும் என்பதற்காக, டப்பாவையும் உள்ளே இருக்கிற காகிதத்தையும் சென்னையிலேயே கழற்றி எறிந்துவிட்டு, வெறும் அட்டைகளை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தார். மிளகாய்த் தூளுக்கும் முறுக்குக்கும் நடுவில் அட்டைகள் மெல்லிசாகப் படுத்து வரும். ஆனால் போன செப்டெம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்வந்த கிறிஸ்தோப்பரின் பெட்டியைத் திறந்தபோது எல்லாம் டப்பாவோடு இருந்தன. மரியதாசன் சென்னைக்குப் பேசினார்.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றார் இரவிச்சந்திரன். "கடையில புதுசா ஒருத்தங்க சேர்ந்திருக்காங்க. டப்பாவைக் கழட்டணும்னு அவங்களுக்குத் தெரியல."

சனிக்கிழமை மத்தியானம் புருசனும் பெண்சாதியும் சாப்பாட்டு மேசையில் இருந்து டப்பாக்களை உரித்தார்கள். கத்தரின் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமைக்கிற வேலை செய்பவள். கை அவளுக்கு வேகம், வாய் அதைவிட வேகம்.

"இந்தக் காயிதத்தை எல்லாம் ஆர் வாசிக்கிறது? வேட்டி மாதிரி விரியுது."

"வாசிக்கத்தானே வைக்கிறாங்கள்," என்று சொல்லிக்கொண்டே மரியதாசன் கையிலிருந்த டப்பாவைத் திருப்பினார். அது சிறுமலர் தெரேசம்மாவின் பொதிக்கு உரியது. டப்பாவின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டம். உள்ளே இருந்த காகிதத்தை விரித்து, தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனார். வலிப்பு நோய்க்கான மருந்து. கர்ப்பிணிகளும், கர்ப்பமாகக்கூடிய பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கடுமையான கேடு வரலாம். அதற்குக் கீழே இன்னொரு வரி: மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பலாம்.

வேறொருவர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டதைப்போல அவருக்குக் கூச்சமாக இருந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

தெரேசம்மாவின் பொதிக்குச் சொந்தக்காரி ஜெயனி. ஐந்து மாதத்துக்கு முன்புதான் முதல் தடவை வந்து கேட்டாள். கோயில் பாடகர் குழுவில் உயர்ந்த குரலில் பாடுகிற எலிசாவின் மருமகள், மகன் றஜிந்தன் மன்னாரில் போய்க் கலியாணம் செய்து கூட்டிவந்த பெண், இருபத்தாறு வயது. பேப்பர் இன்னும் வரவில்லை. "ஒரு சிநேகிதிக்கு வேணும் அங்கிள்," என்று சொல்லி அட்டையின் படத்தை அனுப்பியிருந்தாள். படத்தில் அட்டையைப் பிடித்திருந்த விரலில் புதுக் கலியாண மோதிரம் பளபளத்தது. மரியதாசன் அதைக் கண்டார். கண்டும், தன் விதிப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து மண்டபத்துக்குள் இறங்கியதும் எலிசா நேரே அவரிடம் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தாசண்ணை, மூண்டு மாதம் முடியுமட்டும் சொல்லக்கூடாது எண்டு றஜிந்தன் சொன்னவன். என்ர வாயில நிக்குதில்லை. எங்கட வீட்டுக்கு ஒரு ஆள் வரப்போகுது."

மரியதாசன் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். "சந்தோசம்," என்றார். அது அவர் காதுக்கே சந்தோசமாகக் கேட்கவில்லை. எலிசா கவனிக்கவில்லை, அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

கொஞ்சம் பொறுத்து ஜெயனி வந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. "அங்கிள், தெரேசம்மா வந்திட்டாவோ?"

"எத்தினை நாளைக்குக் கிடக்கு?"

அவள் திடுக்கிட்டாள். குளிசை அண்ணை கேள்வி கேட்கிற ஆள் இல்லை என்றுதான் எல்லோரும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "சிநேகிதிக்கு... இன்னும் மூண்டு நாளைக்குக் கிடக்குதாம்."

"அப்ப நாளைக்குப் பத்து மணிக்குச் சந்தைக்கு வா பிள்ளை. மெத்ரோவில வந்து இறங்கினா நடக்கிற தூரம். மரக்கறிப் பக்கம் நிப்பன். கட்டாயம் வா."

அன்று பின்னேரம் மரியதாசன் காகிதத்தை விரித்துக் கத்தரினுக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொரிந்தாள். "நீங்கள் டாக்டரே? தெரியாத மாதிரி இருங்கோ. எலிசாவுக்குத் தெரிஞ்சா அந்தப் பிள்ளையை வீட்டில வச்சிருப்பாளோ?" சொல்லிவிட்டு, சட்டியைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பிள்ளைக்கு ஏதும் நடந்தா நாங்கள் என்னெண்டு கோயிலுக்குப் போறது," என்றாள். அவருக்கும் அதுதான் பயம். குளிசையைக் கொடுத்தால் பிள்ளைக்கு ஆபத்து, கொடுக்காவிட்டால் தாய்க்கு ஆபத்து, வாய் திறந்தால் ஒரு வீடு உடையும்.

திங்கட்கிழமை ஜெயனி சொன்ன நேரத்துக்கு வந்தாள். இலையுதிர்காலம், சந்தை முழுக்கப் பூசணிக்காயும் ஆப்பிளும் குவிந்து கிடந்தன. மரியதாசன் ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்து, அவளை உட்காரச் சொல்லி, சட்டைப் பையிலிருந்த காகிதத்தைக் கொடுத்தார். எந்த வரி என்று விரலால் காட்டினார். அவள் ஒரு முறை வாசித்தாள், பிறகு இன்னொரு முறை வாசித்தாள்.

"இப்பிடி ஒரு காயிதம் இருக்குதெண்டே எனக்குத் தெரியாது," என்றாள். சிநேகிதி அந்த இடத்திலேயே மறைந்துபோனாள். "பதினாலு வயசில துவங்கினது. ஊரில அம்மா வாங்கிக்கொண்டு வந்து தருவா. மருந்தை ஒழுங்காப் போட்டா உனக்கு வருத்தமே இல்லை, ஏன் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லோணும் எண்டு அம்மா சொன்னவ."

"இஞ்ச டாக்டரிட்டப் போனனியோ?"

"வாற கிழமை மாமி கூட்டிக்கொண்டு போறா. மாமி பக்கத்தில இருக்கேக்க என்னெண்டு சொல்லுறது? ஏமாத்திக் கட்டி வச்சிட்டினம் எண்டு சொல்லுவினம்." அவள் வயிற்றில் கை வைத்தாள். "நிப்பாட்டினா விழுந்திடுவன், அங்கிள். போட்டா..."

மரியதாசனுக்கு வெட்கமாக இருந்தது. கேட்காமல் இருப்பதைப் பெரிய பண்பாடு என்று பதினொரு வருடம் நினைத்திருந்தார். ஒரு மருந்துக்கடைக்காரர் முதல் நாளே கேட்டிருப்பார்: யாருக்கு, என்ன வயது, கலியாணமா, பிள்ளை பெறுகிற எண்ணம் உண்டா. அந்தக் கேள்விகளும் மருந்தோடு சேர்ந்து வரவேண்டியவை. அவர் டப்பாவோடு சேர்த்து அவற்றையும் கழற்றி எறிந்திருந்தார்.

"நான் அப்பவே கேட்டிருக்கோணும், பிள்ளை," என்றார். "படத்தில உன்ர மோதிரத்தைக் கண்டனான். கண்டிட்டுப் பேசாம இருந்திட்டன். எழும்பு. எதிரில ஒரு பார்மசி இருக்கு. கேக்கிறதுக்குக் காசும் வேண்டாம், காப்புறுதிக் கார்டும் வேண்டாம்."

"அங்க எங்கட ஆக்கள் நிப்பினம்."

"நிக்கட்டும்."

தமிழ் ஆட்கள் யாரும் நிற்கவில்லை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் மருந்தாளர் போன்ஜூர் சொல்லி, ஓரத்தில் இருந்த சின்ன அறைக்கு இருவரையும் கூட்டிப் போனாள். ஜெயனிக்குப் பிரெஞ்சு வராது, ஆங்கிலமும் பயத்தில் வரவில்லை. தக்காளி விற்கக் கற்ற பிரெஞ்சை வைத்து மரியதாசன் சொன்னார், மிச்சத்துக்குக் காகிதத்தைக் காட்டினார். மருந்தாளர் காகிதத்தைப் பார்த்ததும் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டாள். எத்தனை வாரம்? பத்து. எத்தனை மில்லிகிராம்? எத்தனை வருடமாக? ஒவ்வொன்றையும் கணினியில் தட்டினாள். பெயர் என்ன என்று கேட்டபோது ஜெயனி மரியதாசனைப் பார்த்தாள். அவளே தன் முழுப் பெயரையும் சொன்னாள்.

பிறகு மருந்தாளர் கேட்டாள், இங்கே இந்த மருந்தை உனக்கு யார் கொடுத்தது?

ஜெயனி குனிந்துகொண்டாள். காட்டிக்கொடுக்கக்கூடாது என்பதற்காகக் குனிந்தாள் என்று மரியதாசனுக்கு விளங்கியது. அவருடைய பெயர் எந்தப் பொதியிலும் எந்தத் துண்டிலும் இருந்ததில்லை. இங்கே எழுதினால் யாருக்குப் போகும், என்ன வரும் என்று அவருக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது.

"நான்," என்றார் பிரெஞ்சில். தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். தொலைபேசி இலக்கத்தையும் சொன்னார். இன்னும் பலருக்குக் கொடுத்திருப்பதாகவும், அவர்களையும் ஒவ்வொருவராக இங்கே அனுப்பலாமா என்றும் கேட்டார். மருந்தாளர் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, "அனுப்புங்கள்," என்றாள்.

அவள் அங்கிருந்தே மருத்துவமனைக்குப் பேசினாள். இன்றைக்கு இரண்டு மணிக்கு ஒரு மருத்துவர் பார்ப்பார், அதுவரைக்கும் குளிசையை நிறுத்தக்கூடாது, கூடவே கணவரும் வந்தால் நல்லது. பிள்ளைக்கு என்ன ஆகும் என்று மரியதாசன் கேட்டார். இப்போது சொல்ல முடியாது, பார்த்துத்தான் சொல்லவேண்டும், ஆனால் இன்று வந்தது நல்லது என்றாள். அவர் அதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார்.

ஜெயனி வாசலுக்கு வந்து, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று றஜிந்தனுக்குப் போன் எடுத்தாள். மரியதாசன் தள்ளி நின்றார். அவளுடைய தொலைபேசி சத்தமாகப் பேசுகிறது, தள்ளி நிற்கிறவருக்கும் கேட்கும்.

"பார்மசியில நிக்கிறன்," என்றாள். "மருந்து விசயமா வந்தனான்."

"மருந்தோ? ஆருக்கு?"

ஐந்து மாதத்துக்கு முன்பு மரியதாசன் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை இன்னொருவன் ஒரே மூச்சில் கேட்டுவிட்டான். ஜெயனி கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பதினாலு வயது, அம்மா, குளிசை, காகிதம், பிள்ளை. சொல்லி முடித்ததும் அவன் என்னவோ தாழ்ந்த குரலில் பேசினான், அது மரியதாசனுக்குக் கேட்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டித் தெருப் பெயரைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள் தொலைபேசியில். "சந்தைக்கு எதிர்ப்பக்கம். வாசலிலதான் நிக்கிறன்."