கழட்டிக்கிட்டுப் போன கன்வெர்ட்டர்

இன்னிக்குக் காலையில எங்க எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்குற கிராணி ஒரு டெக்னிஷியனோட லயத்து வீடுங்களுக்குப் பொதுவான மண்டபத்துக்கு வந்தாரு. சுவத்துல இருந்த மீடியா கன்வெர்ட்டரைக் கழட்டச் சொன்னாரு.

பைபர்ல வர்ற இன்டர்நெட்டை சாதா கேபிளுக்கு மாத்திக் கொடுக்கிற சின்னப் பெட்டி அது. எங்க பள்ளத்துல போன் சிக்னலும் எட்டாது, அதை விட்டா வேற வழியில்ல.

மேல டூரிஸ்டுங்க வர்ற டீக்கடையில இருந்தது கெட்டுப்போச்சாம், இதைக் கொண்டுபோய் அங்க மாட்டணுமாம்.

அப்போ பக்கத்து வீட்டு சாந்தி அக்கா அங்கதான் வீடியோ கால்ல இருந்தாங்க. ஈப்போவுல அவங்க அப்பாவோட சாவு. அக்காவுக்குக் கால்ல மாவுக்கட்டு, போக முடியல.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க லா. அப்பாவைத் தூக்கப் போறாங்க."

கிராணி சிரிச்சாரு. "செத்தவரு எங்கம்மா ஓடிடப் போறாரு? டூரிஸ்ட்டுதான் போயிடுவான்."

டெக்னிஷியன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வயரைப் பிடுங்கினாரு. படம் அப்படியே நின்னுபோச்சு.

"தூக்கிட்டாங்களா?"ன்னு அக்கா எங்களைக் கேட்டாங்க.

இதை அந்த டீக்கடையில உக்காந்துதான் போடுறேன். லைன் சூப்பரா இருக்கு.

கிராணியும் என் பிரண்டு லிஸ்ட்ல இருக்காரு. ஐயா, பாத்தீங்கன்னா ஒரு லைக் போட்டுட்டுப் போங்க லா.