சத்தமில்லாத வால்வு

பேய் ராத்திரியில்தான் வரும், புளியமரத்தில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். இது நடந்தது பட்டப்பகலில். ஓசூர் சிப்காட் பக்கத்தில், ஒரு மாடி வாடகை வீட்டில். போன மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. நடந்தது சுரேந்தருக்கு. அவன் பொய் சொல்லத் தெரிந்த ஆள் கிடையாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றிச் சொல்லியிருப்பான்.

சுரேந்தரின் மனைவி மேகலா, ராயக்கோட்டைப் பெண். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் ஆபரேஷன் செய்து மெட்டல் வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் நெஞ்சுக்குள் டிக்... டிக்... என்று ஒரு சத்தம். வால்வு மூடும்போதெல்லாம் வரும். அமைதியான அறையில் எதிரே இருப்பவருக்கே கேட்கும். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கன்னடத்து அம்மா, இவள் கையைப் பிடித்துத் திருப்பிக் கடிகாரத்தைத் தேடினாளாம். மேகலா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அதற்கப்புறம் பஸ் ஏறினால் இன்ஜின் பக்கமாகத்தான் இடம் தேடுவாள். சுரேந்தர் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும்போது, யாரும் சொல்லாமலே, சத்தம் கேட்காமல் நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வால்வு இருந்தால் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். மாதாமாதம் ரத்தம் டெஸ்ட் பண்ண வேண்டும். மாத்திரை கூடினால் ரத்தம் நிற்காது. குறைந்தால் வால்விலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். ஒன்பது வருடம் மேகலா ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிப்ரவரியில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை, தலையணை உறையெல்லாம் நனைந்தது. பயந்துபோய், இதய டாக்டரைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிட்டாள். புண் நன்றாக ஆறட்டும், ஆறட்டும் என்று நாளைத் தள்ளினாள். அந்த மாத டெஸ்டுக்கும் போகவில்லை. சுரேந்தருக்கு இது தெரியும். அடுத்த வாரம் லீவு போட்டுக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னான்.

அவன் வேலையையும் சொல்லியாக வேண்டும். கியர் பாக்ஸ் கம்பெனியில் சத்தம் பார்க்கிறவன் அவன். கண்ணாடி அறைக்குள் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பான். சத்தம் வந்தால் ரிஜெக்ட். சத்தம் இல்லையென்றால் ஓகே. பதினேழு வருடமாக இதே வேலை, காது அதற்கே பழகிப்போயிருந்தது. ஒரு நாள் காலை வீட்டுக்கு வந்தபோது மேகலாவின் டிக் டிக் மங்கலாகக் கேட்டது. மறுநாள் கேட்கவே இல்லை. அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தான்.

“நல்லா செட் ஆயிடுச்சு மேகலா. சத்தமே இல்ல.”

“நெசமாவாங்க?”

“நான் ஓகே பண்ணிட்டேன்.”

அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அன்று பகலில் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள். அதற்கப்புறம் மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்கினாள். வெயில் அதிகம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். பாவம், அந்தப் பதினோரு நாளும் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை 7.20க்கு அவன் வந்தபோது மேகலா கிளம்பிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணகிரியில் இருக்கும் தங்கை அனிதாவின் குழந்தைக்குக் காதுகுத்து.

“சாயங்காலம் வந்துடறேங்க. சோறாக்கி வெச்சிருக்கறேன், சாப்புட்டுப் படுங்க.”

அவள் போனதும் கதவை உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தான்.

மத்தியானம் 1.42. கரண்ட் போய் ஃபேன் நின்றதில் விழிப்பு வந்தது. தலைமாட்டில் இருந்த போனில் மணி பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். வெளியே படியில் காலடிச் சத்தம். வேகமாக, எங்கேயும் நிற்காமல் மேலே ஏறி வந்தது.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

ஆனால் அறைக்குள் கேட்டது...

டிக்... டிக்... டிக்...

சுத்தமான சத்தம். ஆபரேஷன் முடிந்து வந்த முதல் வருடத்தில் கேட்ட மாதிரி.

“அதுக்குள்ள வந்துட்டியா?” என்றான், கண்ணைத் திறக்காமலே.

கட்டிலின் ஓரம் மெதுவாக அமுங்கியது. ஒரு கை அவன் தலைமுடியைக் கோதியது. சில்லென்று இருந்தது.

டிக்... டிக்...

அவனுக்குத் தூக்கக் கலக்கம். எரிச்சல்.

“மறுபடியும் சத்தம் வந்துடுச்சா? தூங்க விடு மேகலா. அந்தப் பக்கம் போ.”

கை எடுபட்டது.

கட்டில் நிமிர்ந்தது.

டிக்... டிக்... கூடத்தில். அப்புறம் படியில். அப்புறம் இல்லை.

திடீரென்று தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. எழுந்து ஓடினான்.

போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

1.46. போன் அடித்தது. அனிதா.

“மாமா... அக்கா...”

வேறு யாரோ போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார்கள்.

மேகலா கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் 12.50க்கு விழுந்திருக்கிறாள். காதுகுத்து சீக்கிரமே முடிந்து, வீட்டுக்குத் திரும்பிவரத்தான் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் முடிந்தவரை பார்த்துவிட்டு 1.40க்கு உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

சுரேந்தர் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஒன்றுதான் கேட்டார். “வால்வு சத்தம் எப்ப கொறைஞ்சுது?”

“பதினோரு நாளாச்சு சார்.”

“ரத்தம் கட்டினா சத்தம் அடங்கிடும். அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்ப்பா.”

சத்தம் போனதுதான் ஆபத்து என்பது அவன் காதுக்குத் தெரியவில்லை. அதை நினைத்து ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மத்தியானம் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. கனவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

காரியம் முடிந்த மறுநாள் கீழ்வீட்டு ஓனரம்மா பூங்கொடி மேலே வந்தாள். சாவு நடந்த வாரம் முழுக்க அவள் எதையோ கேட்க வருவதும் கேட்காமல் போவதுமாக இருந்தாள்.

“தப்பா நெனைக்காத தம்பி. அன்னைக்கு மத்தியானம் ஒன்னே முக்கால் இருக்கும். மேகலா எதுக்கு வீட்டுக்கு வந்துட்டுப் போச்சு?”

சுரேந்தர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“படியில நிக்கவே இல்ல. சிரிச்சுக்கிட்டே ஓடியாந்துச்சு. ஒடம்பு தேறிடுச்சுன்னு நெனச்சேன்.”

அவன் கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தான்.

“எறங்கறப்பதான்...” பூங்கொடி கொஞ்சம் தயங்கினாள். “ரெண்டு கையாலயும் நெஞ்ச அமுக்கிப் பொத்திக்கிட்டு எறங்குச்சு. அழுதுக்கிட்டே. நீ எதாச்சும் சொன்னியா தம்பி?”