நாய் தின்ன வேண்டிய பத்து நாட்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், என் மூத்த பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, எங்கள் வீட்டு நாய் என்னைக் கடித்தது. அதன்மேல் பிழை சொல்ல முடியாது. கிணற்றடிக்குப் போகும் வழியில் அது படுத்துக் கிடந்தது. என் கால் என் கண்ணுக்கே தெரியாதபடி வயிறு முன்னால் நின்றது. வாலை மிதித்துவிட்டேன். கெண்டைக்காலில் பல் பதிந்து இரத்தம் வந்தது.

அந்த நாயைக் கொண்டுவந்தவர் என் கணவர். அவருக்குச் சொறிக்கல்முனைப் பக்கம் வயல். அறுவடை முடிந்து நெல் மூடைகளைப் பின்வளவுக் கொட்டிலில் அடுக்கியபோது, வயலில் காவலுக்கு நின்ற நாயையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் நாய் கிடையாது. உம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நாய் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க, மருமகன்."

"வீட்டுக்குள்ள விடல்ல மாமி. வேளாண்மைக் காவலுக்கு நாய் வெச்சிருக்கலாமெண்டு மார்க்கத்திலயே இருக்கு."

வீட்டோடு இருக்க வந்த மாப்பிள்ளையிடம் உம்மா அதற்குமேல் கதைக்கவில்லை. நாய் நின்றது. அதற்குச் சாப்பாடு வைக்கும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மிஞ்சின சோறும் அவித்த சூடைமீன் தலையும்தான். நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான். நீளக் காம்பு அகப்பையால் எட்ட நின்று ஓர் உடைந்த சட்டியில் போடுவேன். நாயின் எச்சில் பட்ட ஏனத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? சோற்றோடு ஏச்சையும் சேர்த்தே போடுவேன். "தின்னு முசீபத்தே, படுத்துக் கிடந்து தின்னு" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

கடித்த அன்று உம்மா காலைத் திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு ஒரு காரைப் பிடித்துக்கொண்டு கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் காயத்தைப் பார்த்தார், வயிற்றையும் பார்த்தார்.

"நாயை அடிச்சுக் கொல்லாதீங்க. கட்டி வெச்சுப் பத்து நாள் பாருங்க. நல்லாச் சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, சுகமா நிண்டா ஊசி தேவையில்ல. சாப்பாட்டை விட்டா உடனே வாங்க. தொப்புளைச் சுத்தி ஊசி போடணும்."

"இந்த வயித்திலயா டொக்டர்?"

"வேற வழியில்ல. நாய்விசர் ஏறினா மருந்தில்ல."

வீடு வரும்வரை வயிற்றிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

நாயைப் பூவரச மரத்தில் கட்டினார்கள். வயலில் ஓடித் திரிந்த சீவன், கயிறு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. அன்று பின்னேரம் வைத்த சோற்றைத் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை. சட்டியில் இலையான் மொய்த்தது. கடிபட்ட பயத்தில் நான் அடுப்படி ஜன்னலை விட்டு வெளியே போகவில்லை, உம்மாவும் அவரும்தான் சாப்பாடு வைத்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் உயிர் அதற்குள்தான் கிடந்தது.

"கட்டின கோவம் புள்ள. தண்ணி குடிச்சிச்சி, நான் கண்டநான்" என்றார் அவர். பொய் சொன்னால் அவர் காது சிவக்கும். சிவந்தது.

அதன் பிறகு உம்மா அடுப்படியில் இறங்கினார். மலக்குமார் பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியாது. மாட்டிறைச்சியை உப்பும் தூளும் போடாமல் அவித்து எலும்போடு வைத்தார். முட்டை அவித்து உடைத்து வைத்தார். பூசணிக்காயை மசித்து எருமைத் தயிரோடு சோற்றில் பிசைந்தார். வீட்டில் இருந்த பழைய சிரட்டைகள் எல்லாம் மரத்தடிக்குப் போயின.

"எனக்கே மாமி இப்படி வகைவகையா ஆக்கித் தரல்லியே" என்று அவர் பகிடி விட்டார்.

"நீங்க தின்னாட்டி உங்களுக்குத்தான் பசிக்கும் மருமகன். அது தின்னாட்டி என்ட புள்ளைக்கெல்லவா ஊசி."

அவர் சிரட்டையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

நாய் குரைக்கிறது என்று நாள் தவறாமல் முறைப்பாடு சொல்லும் பக்கத்து வீட்டு ராத்தா, வேலிக்கு மேலால் ஒரு சிரட்டையை நீட்டினார். உள்ளே வட்டிலப்பம். "இனிப்பெண்டா தின்னும்கா, வெச்சுப் பாருங்க" என்றார். நாய் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. பிறகு முன்னங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டு படுத்தது.

மறுநாள் விடிந்ததும் என் கணவர் சொன்னார், "இனிப் பாத்துக்கொண்டிருக்கேலாது புள்ள. ஊசியைப் போடுவம்." கார் படலையடியில் வந்து நின்றது. நான் உடுத்து முடித்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் எனக்கு ஆத்திரம் பற்றியது. எங்கிருந்து வந்ததோ! காரை நோக்கிப் போகாமல் நேரே பின்வளவுக்குப் போனேன். உம்மா கத்தக் கத்தத் திரும்பவில்லை. கயிறு எட்டாத இடத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன நினச்சிட்டுக் கிடக்காய் நீ? உம்மா அடுப்புக்குள்ள கிடந்து வேகுறா. இறைச்சி வேணாம், முட்டை வேணாம், வட்டிலப்பமும் வேணாமா? ஆருக்கிட்டக் காட்டுறாய் உன்ட ராங்கிய? தின்னு முசீபத்தே!"

நாயின் காது நிமிர்ந்தது. வால் மண்ணில் அடித்தது. எழுந்து உடம்பை ஒரு தரம் உதறிவிட்டு, பூசணிக்காய்ச் சோற்றில் வாயை வைத்தது. சிரட்டையின் அடி தெரியும்வரை நக்கியது. பிறகு இறைச்சி, பிறகு முட்டை. கடைசியில் தண்ணீர்ச் சட்டிக்குள் மூக்கை விட்டுச் சளக் சளக் என்று குடித்தது. யா அல்லாஹ், அந்தச் சத்தம்! அப்படியே மண்ணில் குந்திவிட்டேன்.

வட்டிலப்பத்தை மட்டும் அது தொடவில்லை. "என்ட வட்டிலப்பத்தில என்னகா குறை?" என்று வேலிக்கு அப்பால் ராத்தா கோபித்துக்கொண்டார். கார்க்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

என் ஏச்சுக்குத்தான் தின்றது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லுவார். தான் அல்லாஹ்விடம் கேட்ட துஆ என்பார் உம்மா. பசி தாங்காமல் தின்றிருக்கும் என்பது என் எண்ணம். எதுவானாலும், மிச்ச நாட்களுக்கு அந்தச் சாப்பாட்டைக் குறைக்க யாரும் துணியவில்லை. ஒரே சாப்பாட்டை வைத்தால் திரும்பவும் கோபித்துக்கொள்ளுமோ என்ற பயம். ஒரு நாள் பிட்டும் மீனும், ஒரு நாள் ஈரலும் முருங்கைக்கீரையும் என்று உம்மா மாற்றி மாற்றி ஆக்கினார். நான் மரத்தடியில் நின்று ஏசினேன். அது தின்றது.

பத்து நாள் முடிந்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாய் என்ன சாப்பிட்டது என்று டொக்டர் கேட்டார். என் கணவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டொக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாய் சுகமா இருக்கு. ஊசி தேவையில்ல" என்றார். பிறகு என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். நாய் என்றைக்கு என்ன தின்றது என்று கேட்டிருந்தால் ஒன்றும் விடாமல் சொல்லியிருப்பேன். நான் தின்றது ஒன்றுகூட நினைவில் இல்லை.

"அதுட வாயப் பாத்துப் பாத்தே நிண்டா டொக்டர். நான் ஊட்டினதையும் முழுங்கல்ல" என்று சொல்லி உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தனை நாளும் அடுப்படியில் நின்றவர் அப்போதுதான் அழுதார்.

வெளியே வந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், திரை போட்ட அறையில் உட்கார்ந்தோம். ரொட்டியும் இறைச்சி ஆணமும் வந்தன. பசி என்ற ஒன்று இருக்கிறதே என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. என் பீங்கான் வெறுமையானதும் உம்மா தன் பீங்கானை என் பக்கம் தள்ளினார். வெட்கமில்லாமல் அதையும் தின்றேன். வயிற்றுக்குள் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது.

"பொறு, உனக்குந்தான் தின்னுறன்" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன்.