இடுப்பில் தொங்கிய பந்தயம்

வெட்டுக்கிளி என்ற பெயர் அவளுக்குப் பெற்றோர் வைத்ததல்ல, பார்சல் கிடங்கில் வைத்தது. லாரி வந்து நின்றதும் மூட்டைக்கு மூட்டை தாவித் தாவிக் கயிறுகளை அறுத்துக்கொண்டே போவாள். கடைசி மூட்டையை அவள் அறுக்கும்போது முதல் மூட்டையின் கயிறு இன்னும் தரையைத் தொட்டிருக்காது என்பார்கள் டிரைவர்கள். டிரைவர்கள் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம். பெயர் நிலைக்க மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது.

அவள் கையிலிருந்த மடக்குக் கத்தியைச் செய்தவர் அவளுடைய கணவர். அது குடியிருந்த தோலுறையைத் தைத்தவர் அவளுடைய அண்ணன். இரண்டு பேருக்கும் ஒரே கடை. இடது பக்கம் சாணைக்கல் கிர்ரென்று கத்தும். வலது பக்கம் தோல் சுத்தியல் டொக் டொக்கென்று எதிர்ப்பேச்சுப் பேசும். கடை அவளுடைய அப்பா வைத்தது. அவர் காலமான பிறகு, எழுத்து உரிந்துபோன பலகையை இழைத்துப் புதுப் பெயர் எழுதலாம் என்று இறக்கினார்கள். யார் பெயர் என்று அங்கேதான் தகராறு பிடித்தது.

"கத்தி இல்லாம உறை எதுக்கு மச்சான்? காலி உறையை வாங்கிட்டுப் போய் மூக்குக்கண்ணாடி போட்டு வெச்சுப்பாங்களா?" என்றார் கணவர்.

"உறை இல்லைன்னா உங்க கத்தியை எங்க போட்டோம்னு ஊரெல்லாம் தேடுவாங்க மாப்பிள்ளை. அதைப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதே என் உறைதான்."

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். ஆளுக்கொன்றாகத் தங்கள் கைவேலையில் சிறந்ததைச் செய்து அவளிடம் கொடுப்பது. எது முதலில் உபயோகமற்றுப் போகிறதோ அதைச் செய்தவர் தோற்றவர். மற்றவர் பெயர் பலகையில் ஏறும். இடையில் இரண்டு பேரும் அவற்றைத் தொடக்கூடாது. பழுது பார்ப்பதானால் அவள்தான் பார்க்கவேண்டும். கத்தி தினமும் வேலைக்குப் போகவேண்டும். பெட்டியில் பூட்டி வைப்பது செல்லாது.

அவள் கேட்டாள்: "ரெண்டுமே தேயாம நின்னுடுச்சுன்னா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணன் பலகையை விரலால் தட்டிக் காட்டினார். உள்ளங்கை கனத்துக்கு மரம். "இந்தப் பலகை உளுத்து விழற வரைக்கும் ரெண்டும் நின்னா, உன் பேரையே எழுதிக்கம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா." கணவரும் தலையாட்டினார். குழந்தைக்கு நிலாவைப் பிடித்துத் தருவதாகச் சொல்லும்போது ஆட்டுவார்களே, அந்த ஆட்டல்.

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கடையின் தரையில்தான் அவள் தவழப் பழகினாள். அப்பாவுக்குக் கண் மங்கியபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள், சாணைக்கல் சக்கரத்தைச் சுற்றியவள். பங்கு பிரிக்கும்போது மட்டும் யாருக்கும் அவள் ஞாபகம் வரவில்லை. கடையில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து படிக்கும் இடத்தில் தன் பெயர்.

வெறும் பலகையை மறுபடி மாட்டினார்கள். மறுநாளிலிருந்து வெட்டுக்கிளி கிடங்குக்குக் கிளம்புமுன் முக்காலி போட்டு ஏறி, பலகையையும் அது தொங்கிய கொக்கிகளின் இடுக்கையும் ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்பா ஞாபகம்," என்று அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

காலம் ஓடியது. கட்டைவிரல் அகலத்தில் பிறந்த அலகு, தீட்டத் தீட்ட மெலிந்து சுண்டுவிரல் அகலத்துக்கு வந்தது. உறையின் கதை வேறு. பிஸ்கட் நிறத்தில் வந்த தோல் வியர்வையும் மெழுகும் குடித்து, கருத்து, பளபளத்து, உள்ளே கிடந்த கத்தியின் உருவத்தை வயிற்றில் அப்படியே வாங்கிக்கொண்டது. கத்தியை எடுத்த பிறகும் கத்தி இருப்பது போலவே புடைத்திருக்கும். கிடங்கில் ஒருவன் வெறும் உறையைக் கண்டே பயந்து வழிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. நம்பாதவர்கள் நம்பவேண்டாம்.

ஆண்கள் சும்மா இருக்கவில்லை. "தங்கச்சி, கத்தி மொட்டையாத் தெரியுதே, ஒரு தரம் தீட்டிக்கோயேன்," என்பார் அண்ணன், பாசம் பொங்க. தீட்டுகிற ஒவ்வொரு தடவையும் அலகு ஒரு மயிரிழை குறையும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஒருநாள் உறைக்குள், அலகை உராய்கிற இடத்தில் ஒரு சிட்டிகை மணல் கிடந்தது.

"அண்ணே, உன் மேசையில மணல் எதுக்கு?"

"பூந்தொட்டிக்கு."

"கடையில பூந்தொட்டியே இல்லையே."

"வாங்கலாம்னு."

கணவர் இன்னும் நாசூக்கு. துவைத்த துணிகளோடு உறையும் கொடியில் வெயிலில் காயும். "தவறிப்போய் வாளிக்குள்ள விழுந்துடுச்சும்மா," என்பார். அவள் எடுத்து மெழுகு தேய்த்துத் தேய்த்து, விறைத்த தோலை வழிக்குக் கொண்டுவருவாள். உறையின் பட்டன் பிடிப்பு விட்டபோது புதுப் பட்டன் வைத்துத் தைத்தாள். அன்று முதல் கணவரின் நல்ல கோட்டு ஒரு பட்டன் குறைவாகவே இருந்தது. கடைசிவரை அவர் அதைக் கட்டிலுக்கடியில் தேடினார்.

"நீ என் பக்கந்தானே?" என்று வீட்டில் கணவர் கேட்பார். "பின்னே?" என்பாள். "நீ என் பக்கந்தானே?" என்று கடையில் அண்ணன் கேட்பார். "கூடப்பிறந்தவ இல்லையா?" என்பாள். இரண்டு பதிலிலும் பொய் கிடையாது. முழு உண்மையும் கிடையாது.

பிறகு வந்தது சோதனை. மடக்குக் கத்தியை மூடும்போது, அலகின் அடிக்குதிகால் பிடிக்குள் இருக்கும் வில் தகட்டின்மேல் போய் உட்காரும். திறந்து மூடி, திறந்து மூடி அந்தக் குதிகால் தேய்ந்தது. தேயத் தேய அலகு பிடிக்குள் ஆழமாக இறங்கியது. அதோடு, நகத்தை மாட்டித் திறப்பதற்கென்று அலகில் வெட்டியிருந்த குழியும் இறங்கியது. ஒரு நாள் லாரி காத்திருக்க, மூட்டைகள் மலையாகக் குவிந்திருக்க, வெட்டுக்கிளியின் நகத்துக்கு அந்தக் குழி எட்டவே இல்லை. கத்தி வாயைத் திறக்க மாட்டேன் என்று மூடிக்கொண்டது. கொண்டை ஊசியால் நெம்பித்தான் அன்றைய வேலையை முடித்தாள்.

அவள் கடைக்கு வருமுன் செய்தி வந்துவிட்டது.

"திறக்காத கத்தி கத்தியா மாப்பிள்ளை? அதை இனிமே காகிதம் பறக்காம இருக்க மேல வெக்கலாம்," என்றார் அண்ணன். பெயிண்டருக்கும் ஆள் அனுப்பிவிட்டார். கணவர் சாணைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழுது பார்க்கிற உரிமை எனக்கு இருக்கு," என்றாள் வெட்டுக்கிளி. "பெயிண்டர் வரட்டும். அதுக்குள்ள பார்க்கிறேன்."

சமையலறை மேசையில் கத்தியையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். இவ்வளவு தூரம் வந்து ஒரு நகக்குழியில் தோற்பதா? உறையின் மூடி நாக்கு, பட்டனைத் தாண்டி அநாவசியமாக நீண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு கீற்றுத் தோலை நறுக்கி, கத்திப் பிடியின் பள்ளத்துக்குள், அலகு போய்ப் படுக்கிற இடத்தில் மெத்தையாக ஒட்டினாள். மூடிப் பார்த்தாள். அலகு மெத்தைமேல் உயர்ந்து நின்றது. குழி நகத்துக்குச் சிக்கியது.

ஆனால் கத்தியைக் காப்பாற்றப் போனால் உறைக்கு ஆபத்து. அலகு உயர்ந்ததில் அதன் நுனியும் பிடிக்கு வெளியே எட்டிப்பார்த்து, உறைக்குள் நுழையும்போதெல்லாம் தோலை உள்ளிருந்து கீறியது. ஒரே நாளில் கீறல் வெளியே தெரிந்தது. இப்போது குஷி கணவருக்கு.

"மச்சான், உங்க உறைக்குக் காத்தாட ஜன்னல் வெச்சிருக்கு போல."

அவள் கணவரின் மேசைக்கடியில் குனிந்தாள். கத்திப் பிடிக்கு வெட்டியதில் அவர் கழித்துப்போட்ட பித்தளைத் துண்டு ஒன்று கிடந்தது. அதை வளைத்து, உறைக்குள் நுனி படுகிற இடத்தில் வைத்து, மெழுகு பூசிய நூலால் தைத்தாள். உறையின் தோல் கத்திக்குள் போயிற்று. கத்தியின் பித்தளை உறைக்குள் வந்தது. கொண்டான் கொடுத்தான் வீடுகள்போல இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாயின.

பெயிண்டர் வந்த நாளில் கடை வாசலில் பெரிய வழக்கு. தோல் வைத்த கத்தி கத்திதானா, பித்தளை வைத்த உறை உறைதானா என்று இரண்டு பேரும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள். கிடங்கிலிருந்து வெட்டுக்கிளி வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. பெயிண்டருக்குப் பொறுமை போயிற்று.

"நீங்க பேசி முடிங்க. நான் அளவு எடுத்துக்கறேன்," என்று ஏணியைப் பலகைமேல் சாய்த்தார்.

ஏணியின் தலை பட்டதுதான் தாமதம். கொக்கிகள் மரத்தை விட்டுக் கழன்றன. பலகை மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் வந்து விழுந்து, தேநீரில் ஊறிய ரஸ்க்போல உதிர்ந்தது.

வெட்டுக்கிளி உறையின் பட்டனைக் கழற்றினாள். கத்தியை உருவி நகத்தை மாட்டினாள். டிக் என்று திறந்தது. பெயிண்டரின் டப்பாக்களைக் கட்டியிருந்த கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தாள். மடக்கினாள், உறைக்குள் விட்டாள். கோட்டுப் பட்டன் டப் என்று மாட்டிக்கொண்டது.

"அப்ப, யாரு பேருங்க எழுதணும்?" என்றார் பெயிண்டர்.

கணவர் தொண்டையைச் செருமினார். "சொல்லித் தொலைங்க மச்சான். சத்தியம் பண்ணினது நீங்க."

"தலையாட்டினது நீங்க," என்றார் அண்ணன். பிறகு தங்கையைப் பார்த்தார். "எந்தப் பேரும்மா எழுதணும்?"

"கிடங்குல கூப்பிடற பேரு. அப்பா வெச்சது வீட்டுக்கு இருக்கட்டும். இது நானா சம்பாதிச்சது."

புதுப் பலகை இரும்புத் தகட்டில் வந்தது. பச்சையில் பெரிய வெட்டுக்கிளி. அதன் மடங்கிய பின்னங்கால் ஒரு மடக்குக் கத்தி. மாட்டிய அன்று கிடங்கு லாரிகள் வரிசையாக அந்தத் தெருவழியே வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயின. கடையின் நடுவில் மூன்றாவதாக அவளுக்கென்று ஒரு மேசை வந்தது. தேய்ந்த கத்தியோ கிழிந்த உறையோ, எதுவானாலும் ஜனங்கள் நேரே அந்த மேசைக்குத்தான் போனார்கள். மற்ற இரண்டு பேரும் அவளிடம் வேலை வாங்கிச் செய்தார்கள். முதலில் முனகிக்கொண்டு, அப்புறம் வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வெட்டுக்கிளி" என்று பீற்றிக்கொண்டு.

பலகை மாட்டிய அன்று சாயங்காலம் மூன்று பேரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"இரும்பு. இது எத்தனை காலம் தாங்கும்?" என்றார் அண்ணன்.

"ரொம்ப காலம் தாங்கும் அண்ணே," என்றாள் அவள். "தினமும் யாராவது முக்காலி போட்டு ஏறி, ஈரத்துணியால துடைக்காம இருந்தா."

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.