அறுநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்

மருத்துவமனையில் அவளுக்கு ‘அலாரம் அக்கா’ என்று பெயர். கீழ்த்தளத்துக் குளிர்அறையில் ஆறு சர்வர்கள் ஒரே கூட்டாக இயங்கின. பதினோரு வருடத்து ஸ்கேன் படங்களும் அவற்றில்தான் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மின்விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் மேலதிகாரிக்கு மெயில் போகும்படி வைத்திருந்தாள்.

“புலி வருது, புலி வருதுன்னு தினம் நாப்பது மெயில் வந்தா யாரும்மா படிப்பாங்க? நிறுத்தி வை” என்றார் அவர் ஒருநாள்.

அது தங்கையின் பிரசவ வாரம். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கப் பொறுமையில்லாமல் மொத்தத்தையும் நிறுத்திவிட்டுக் கிளம்பினாள். திரும்பி வந்தபின் மறந்துபோனாள். மெயில் வராத நிம்மதி அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, காலை ஒன்பதரைக்கு ஸ்கேன் பிரிவிலிருந்து போன் வந்தது. பல படங்கள் திறக்கவில்லையாம். அன்றைக்கு ஏழு பேருக்கு அறுவை சிகிச்சை.

நிலவரம் காட்டும் வலைப்பக்கமும் திறக்க மறுத்தது. கறுப்புத் திரையைத் திறந்து, எச்சரிக்கைகளைப் பட்டியலிடும் கட்டளையைத் தட்டினாள். வரிகள் மளமளவென்று ஓடின. அறுநூற்றுப் பன்னிரண்டு. யாருமே பார்க்காமல் குவிந்து கிடந்தவை. அபாயமானவற்றை மட்டும் காட்டு என்று கட்டளையில் ஒரு சொல் சேர்த்தாள். மூன்று வரிகள் மிஞ்சின.

இரண்டாம் சர்வரில் ஒரு டிஸ்க் பத்தொன்பது நாள் முன்பே செத்திருந்தது. அதிலிருந்தவற்றுக்கு மறுபிரதி எடுக்க இடம் போதவில்லை என்றது அடுத்த வரி. மூன்றாவது, அரைமணி நேரத்துக்கு முன் வந்தது: ஐந்தாம் சர்வரின் டிஸ்க் படிக்கத் திணறுகிறது. எந்தப் படத்துக்கும் இரண்டு பிரதிகள்தான். இந்த இரண்டு டிஸ்கிலும் இருந்த படங்களுக்கு ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. மற்றொன்று இப்போது போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தால் அந்த டிஸ்க் தாங்காது. ஸ்கேன் ஆப்பரேட்டரைப் போனில் பிடித்து, ஏழு பேரின் எண்களை மட்டும் சொல்லச் சொன்னாள். ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு நகலெடுத்தாள். அவசரத்தில் நான்காவது எண்ணை இரண்டுமுறை தப்பாக அடித்தாள். ஐந்து பேருடையது வந்து சேர்ந்தது. ஆறாவது பாதியில் நின்றது. மறுபடி கட்டளையைத் தட்டினாள், மறுபடியும் தட்டினாள். டிஸ்க் பதில் சொல்லவில்லை.

மீதி இரண்டு பேருக்கும் அன்றே புதிதாக ஸ்கேன் எடுத்துச் சமாளித்தார்கள். பழைய படங்களில் நாலாயிரத்துச் சொச்சம் போனது போனதுதான்.

மாலையில் மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு, டிஸ்க் திடீரென்று கெட்டது என்று எழுதினால் போதும் என்றார்.

“திடீர்னு இல்ல சார். பத்தொன்பது நாளா சொல்லிட்டே இருந்துச்சு. நான்தான் வாயைக் கட்டிட்டேன்.”

அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். நிறுத்தச் சொன்னவரைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருந்தது. விசாரணையில் அது எடுபடவில்லை. அவளைப் பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கே அவளுடைய முதல் வாரத்தில் ஒரு பெண் வந்தாள். கணவனுக்கு நுரையீரலில் கட்டியாம். போன வருடத்தைவிட வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர் பழைய படம் கேட்டாராம். அந்தப் பெண் கொடுத்த எண்ணைத் தட்டிப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

“இல்லம்மா. அழிஞ்சுபோச்சு.”

“எங்கேயாவது வேற பிரதி இருக்காதா அக்கா? நல்லாப் பாருங்களேன்.”

இருக்காது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாருமில்லை. ஆனாலும் தேடினாள். அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.